இன்ஜின் 2600-க்கு மேல் ஏறவில்லை, கியர் போட்டால் படகு அதிர்கிறது

நீரோட்டம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. 9 மீட்டர் ஃபைபர் படகு, முழுச் சுமையோடு நாலரை டன் வரும். 120 குதிரைத்திறன் டீசல், இன்போர்டு, கியர்பாக்ஸ் 2:1. பழைய ப்ரொப்பெல்லரின் ஒரு இறக்கை அடிபட்டு மடங்கிவிட்டதால் புதிது வாங்கி மாட்டியிருக்கிறேன். பழையதில் பொறித்திருந்த அளவு தேய்ந்துபோய்ப் படிக்க முடியவில்லை. விற்றவர் 20×18 (விட்டம் 20 இன்ச், பிச் 18 இன்ச்) போடச் சொன்னார். வெண்கலம், மூன்று இறக்கை. வேகம் கூடும் என்றார்.

இப்போது இரண்டு தொல்லை. லீவரை முழுக்கத் தள்ளினாலும் 2600 ஆர்பிஎம்மில் நின்றுவிடுகிறது. இன்ஜின் தகட்டில் 3000 என்று போட்டிருக்கிறது. பின்னால் கரும்புகை வேறு. அடுத்தது, 1400-ஐத் தாண்டியதும் ஓர் அதிர்வு. 2000-ல் டேஷ்போர்டு மேல் வைத்த பேனா நகர்ந்து நகர்ந்து கீழே விழுகிறது. விற்றவரைக் கேட்டால், பேலன்ஸ் எல்லாம் பார்த்ததுதான், ஓட ஓடச் சரியாகிவிடும் என்கிறார். சரியாகுமா?

சுழல்காற்று

ஓட ஓடச் சரியாகிற அதிர்வை நான் பார்த்ததில்லை. ஆனால் 20×18-ஐக் குறை சொல்ல முடியாது. பிச் 18 என்றால் ஒரு சுற்றுக்கு 18 இன்ச் முன்னேறும், 15 என்றால் 15 இன்ச்தான். பிச் கூடினால் வேகமும் கூடத்தானே செய்யும்? கரும்புகைக்கு இன்ஜெக்டரைக் கழற்றிப் பாருங்கள். அதிர்வுக்கு நாலு இறக்கை ப்ரொப்பெல்லர் போட்டால் போதும், சத்தமே தெரியாது.

டீசல்தாத்தா

இன்ஜெக்டரில் கை வைக்காதீர்கள் நீரோட்டம். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில், இந்த இரண்டு தொல்லையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். புது ப்ரொப்பெல்லர் வந்த அன்றைக்கே இரண்டும் வந்ததால் காரணம் ஒன்றுதான் என்று தோன்றும். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆர்பிஎம் ஏறாதது சுமைக் கணக்கு, அதிர்வு வேறு கணக்கு. அதிர்வைப் பற்றி ஷாஃப்ட் வேலை பார்க்கிறவர்கள் யாராவது சொல்லட்டும். நான் முதலாவதைச் சொல்கிறேன்.

சுழல்காற்று, பிச் என்பது ஏட்டுக் கணக்கு. தண்ணீர் விலகிக்கொடுக்கிற பொருள். 18 இன்ச் பிச் ஒரு சுற்றுக்கு 18 இன்ச் போகாது. அந்தக் குறைவைத்தான் ஸ்லிப் என்கிறோம். கணக்கு சுலபம்: ஷாஃப்ட் ஆர்பிஎம்மை இன்ச் கணக்கில் உள்ள பிச்சால் பெருக்கி 1215-ஆல் வகுத்தால் நாட் கணக்கில் ஏட்டு வேகம் வரும். ஜிபிஎஸ் காட்டும் வேகம் அதற்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அதுதான் ஸ்லிப். தண்ணீருக்கு மேல் எழும்பி ஓடுகிற லேசான படகுக்கு 10 முதல் 20 சதவீதம் வரும். இவருடையது போன்ற கனமான படகுக்கு 30-ஐத் தாண்டுவது சாதாரணம்.

இன்ஜினால் சுற்ற முடியாத பிச்சைப் போட்டால் வேகம் எங்கிருந்து கூடும்? ப்ரொப்பெல்லர் கேட்கிற சக்தி, தோராயமாக ஆர்பிஎம்மின் மும்மடிப் பெருக்கத்தில் (ஆர்பிஎம் × ஆர்பிஎம் × ஆர்பிஎம்) ஏறும். சரியான ப்ரொப்பெல்லர் 3000-ல் 120 குதிரை கேட்டால், 2200-ல் 47 குதிரைதான் கேட்கும். இவர் போட்டிருப்பது 2600-லேயே இன்ஜின் தருகிற அத்தனையையும் விழுங்குகிறது. அது 110 குதிரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 2200-ல் 67 கேட்கும். அதாவது அடக்கமாக 2200-ல் ஓட்டிக்கொண்டிருந்தாலும் இன்ஜின் முதுகில் ஏறக்குறைய பாதி அளவு கூடுதல் பாரம். இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் டீசலைத் திறந்து விடுகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை, புகை வருகிறது. புகைபோக்கியில் வெப்பம் ஏறும், பிஸ்டனிலும் வால்விலும் கரி படியும். "நான் முழு ஆர்பிஎம்மில் ஓட்டுவதே இல்லை, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஆனாலும் ப்ரொப்பெல்லர்தான் காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன் நாலு விஷயம் பார்த்துவிடுங்கள். டேக்கோமீட்டர் (ஆர்பிஎம் காட்டும் மீட்டர்) பொய் சொல்லலாம், குறிப்பாக ஆல்டர்னேட்டரிலிருந்து சிக்னல் எடுக்கிற வகை. கையில் பிடிக்கும் ஆப்டிகல் டேக்கோவை கிராங்க் புல்லியில் அடித்து ஒப்பிடுங்கள். அடுத்து, கேபிள் இழுப்பு பம்பு லீவரைக் கடைசி ஸ்டாப் வரை கொண்டுபோகிறதா? நியூட்ரலில் சில வினாடி மட்டும் முழு த்ராட்டில் கொடுத்தால் 3000-ஐத் தாண்டிக் கொஞ்சம் மேலே போய் நிற்க வேண்டும். அதற்குக் கீழேயே நின்றால் கோளாறு கேபிளிலோ கவர்னரிலோ. மூன்றாவது, இன்ஜின் ரூம் மூடியைத் திறந்து வைத்து ஓட்டிப் பாருங்கள். ஆர்பிஎம் ஏறினால் இன்ஜினுக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். கடைசியாக அடிப்பாகம். கொட்டலசு ஒட்டிய படகில் எடுத்த ஆர்பிஎம்மை வைத்து ப்ரொப்பெல்லர் வாங்கினால், சுத்தம் செய்த மறுநாள் அது பொருந்தாது.

எண்களை எடுக்கும்போது வழக்கமான ஆள், ஐஸ், டீசல், தண்ணீர் எல்லாம் படகில் இருக்கட்டும். காலிப் படகில் எடுத்த எண் ஒன்றுக்கும் உதவாது.

பாறைமுனை

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என்னுடையது 40 குதிரை அவுட்போர்டு. மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியவில்லை. முழு த்ராட்டில் கொடுத்தால் இன்ஜின் கத்துகிறது, ஆர்பிஎம் எகிறி லிமிட்டரில் போய் முட்டுகிறது, படகு மட்டும் அப்படியே நிற்கிறது. பிச் கூட்ட வேண்டுமா?

டீசல்தாத்தா

வேண்டாம். நடுவில் இருக்கும் ரப்பர் ஹப் வழுக்குகிறது என்று நினைக்கிறேன். ப்ரொப்பெல்லரைக் கழற்றி, நடுக்குழலில் தொடங்கி ரப்பரைத் தாண்டி வெளி உலோகம் வரை மார்க்கரால் ஒரே நேர்க்கோடு போடுங்கள். மாட்டி ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு முறிந்து இரண்டு இடத்தில் நின்றால் ஹப் போய்விட்டது. கோடு நேராகவே இருந்தால், அப்புறம் இன்ஜின் உயரத்தைப் பார்க்கலாம். மேலே தூக்கி மாட்டியிருந்தால் திருப்பத்தில் காற்றை இழுத்துக்கொண்டு இப்படித்தான் எகிறும்.

கழற்றும் முன் கில் ஸ்விட்ச் கயிற்றை எடுத்துவிடுங்கள். திரும்ப மாட்டும்போது ப்ரொப்பெல்லருக்கு முன்னால் இருக்கும் த்ரஸ்ட் வாஷரை மறக்க வேண்டாம். அது இல்லாமல் மாட்டி கியர் கேஸையே அரைத்தவர்கள் உண்டு.

நீரோட்டம்

தாத்தா சொன்னபடி எடுத்தேன். ஆப்டிகல் டேக்கோ 2620 காட்டுகிறது, அதனால் மீட்டரில் பொய் இல்லை. நியூட்ரலில் 3240 போகிறது. மூடியைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே எண். அடிப்பாகம் போன மாதம்தான் பெயின்ட் அடித்தது, சுத்தம். முழு த்ராட்டிலில் ஜிபிஎஸ் 11.5 நாட். போக வர இரண்டு திசையிலும் எடுத்துச் சராசரி போட்டேன்.

அதிர்வைப் பற்றி ஒன்று கவனித்தேன். நியூட்ரலில் 2000 வைத்தால் துளியும் இல்லை. கியர் போட்டால்தான்.

டீசல்தாத்தா

அப்படியானால் கதை தெளிவு. கியர் 2:1 என்பதால் ஷாஃப்ட் 2600-ல் பாதி, 1300. பிச் 18, ஏட்டு வேகம் 19.3 நாட். கிடைத்தது 11.5. ஸ்லிப் 40 சதவீதம். சுழல்காற்று கவனிக்க: பிச் 18 வாங்கியும் தண்ணீரில் கிடைத்தது இவ்வளவுதான்.

அடுத்த பிச் எவ்வளவு என்பதற்கு ஒரு குத்துமதிப்புக் கணக்கு: 18-ஐ 2600-ஆல் பெருக்கி 3000-ஆல் வகுத்தால் 15.6. டீசலுக்கு நான் எப்போதும் கீழ்ப்பக்கம்தான் சாய்வேன். 20×15 கேளுங்கள். முழுச் சுமையில் 3000-ஐத் தொட்டு, 50 ஆர்பிஎம் மிச்சம் இருந்தால் அதுதான் சரியான ப்ரொப்பெல்லர். பட்டறையில் இறக்கையை வளைத்து 1, 2 இன்ச் வரை பிச் மாற்றித் தருவார்கள். 3 இன்ச் என்பது அதிகம், மாற்றி வாங்குவதே நல்லது.

அவுட்போர்டு வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால்: உங்களுக்கு ஓர் இன்ச் பிச்சுக்கு 150 முதல் 200 ஆர்பிஎம் வித்தியாசம் வரும். இறக்கையின் பின்விளிம்பில் கப்பிங் (கிண்ணம் போன்ற சின்ன வளைவு) இருந்தால், அதே பிச் எழுதியிருந்தாலும் கொஞ்சம் ஆர்பிஎம் குறையும். விட்டத்தில் ஓர் இன்ச் கூட்டுவது பிச்சில் 2, 3 இன்ச் கூட்டுவதற்குச் சமம்.

ஷாஃப்ட்மேஸ்திரி

அதிர்வுக்கு வருகிறேன். தாத்தா பிரித்துப் பேசியது நல்லது. பிச் அதிகமானால் இன்ஜின் திணறும், ஆனால் 1400-லேயே பேனா விழுகிற மாதிரி ஆடாது.

நியூட்ரலில் சுத்தம் என்றால் இன்ஜினையும் மவுன்ட்டையும் முதல் சுற்றில் விட்டுவிடலாம். மிச்சம் கப்ளிங் (கியர்பாக்ஸையும் ஷாஃப்ட்டையும் இணைப்பது), ஷாஃப்ட், கட்லெஸ் பேரிங் (ஷாஃப்ட்டைத் தண்ணீருக்குள் தாங்கும் ரப்பர் பேரிங்), ப்ரொப்பெல்லர், அப்புறம் ப்ரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் இடைவெளி. இதில் எது என்று கழற்றிப் பார்த்துத் தேட வேண்டாம். அதிர்வு வினாடிக்கு எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள், ஆள் தானாகவே பிடிபடுவார்.

இன்ஜின் 1800-ல் நிறுத்துங்கள். கிராங்க் வினாடிக்கு 30 சுற்று. கியர் 2:1, ஆக ஷாஃப்ட் 15 சுற்று. மூன்று இறக்கை, ஆக இறக்கை வீச்சு 45. நாலு சிலிண்டர் என்றால் எரிப்பு 60. நாலும் தனித்தனி எண். போனில் அதிர்வு அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, ஷாஃப்ட் சீலுக்குப் பக்கத்தில் தரையில் வையுங்கள். 15-ல் உச்சி வந்தால் ஷாஃப்ட்டோடு சுற்றுகிற ஏதோ ஒன்று மையம் விலகி இருக்கிறது: பேலன்ஸ், வளைந்த ஷாஃப்ட், கப்ளிங், அல்லது ப்ரொப்பெல்லர் உட்கார்ந்த விதம். 45-ல் வந்தால் இறக்கை நுனிக்கும் படகின் அடிக்கும் இடையே இடம் போதவில்லை, அல்லது இறக்கைக்குப் போகிற நீரோட்டம் கலங்கியிருக்கிறது. விட்டத்தில் 15 சதவீதம் இடைவெளி இருந்தால் நல்லது, உங்களுக்கு 3 இன்ச். 10 சதவீதத்துக்குக் கீழே போகவே கூடாது.

போன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 15 என்றால் உள்ளங்காலில் தட்டித் தட்டிக் குலுக்கும். 45 என்றால் மரத்தட்டு ரீங்காரம் போடும்.

கரைவலை

எனக்கு இது கேவிட்டேஷன் மாதிரி தெரிகிறது. புது ப்ரொப்பெல்லர், பெரிய பிச், ஏன் இருக்கக்கூடாது?

ஷாஃப்ட்மேஸ்திரி

கேவிட்டேஷன் என்றால் இறக்கையின் முதுகுப் பக்கம் அழுத்தம் விழுந்து, தண்ணீர் அங்கேயே ஆவியாகிக் குமிழ் கட்டி, அந்தக் குமிழ் உடைவது. கூழாங்கல்லைத் தகரத்தில் கொட்டுகிற மாதிரி சத்தம் வரும், நாளடைவில் இறக்கையில் பொத்தல் பொத்தலாக அரிப்பு விழும். அது கனமான சுமையில், மேல் ஆர்பிஎம்மில் வருகிற வியாதி. 1400-ல் தொடங்கி ஆர்பிஎம்மோடு சீராக ஏறுகிற குலுக்கல் அந்த வகை இல்லை.

சுழல்காற்று சொன்ன நாலு இறக்கை இறக்கை-வீச்சு அதிர்வைக் குறைக்கும், உண்மைதான். மையம் விலகிய ஷாஃப்ட்டில் நாலு இறக்கை போட்டாலும் ஆட்டம் அப்படியேதான் இருக்கும்.

நீரோட்டம்

போனை வைத்துப் பார்த்தேன். 1800-ல் 15-க்குப் பக்கத்தில் ஒரே ஓர் உயரமான உச்சி. 45-ல் மிகச் சின்னது. நுனி இடைவெளி மூன்றரை இன்ச் இருக்கிறது.

ஷாஃப்ட்மேஸ்திரி

அருமை. வேலை பாதி முடிந்தது.

படகு தண்ணீரில் இருக்கும்போதே கப்ளிங்கைப் பாருங்கள். கரையில் ஏற்றினால் ஃபைபர் உடம்பு வடிவம் மாறும், அங்கே எடுத்த அளவை நம்பக்கூடாது. பேட்டரி ஸ்விட்சை அணைத்துவிட்டு, போல்ட்டைத் தளர்த்தி, இரண்டு முகத்துக்கும் நடுவில் ஃபீலர் கேஜை மேல், கீழ், இடம், வலம் விட்டு அளவுகளை எழுதுங்கள். கப்ளிங் விட்டத்தில் 100 மி.மீ.க்கு 0.1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வேண்டாம். பிறகு ஷாஃப்ட் பக்கத்துக் கப்ளிங்கை மட்டும் கால் சுற்று திருப்பி மறுபடி அளங்கள். அதிக இடைவெளி அதே பக்கம் நின்றால் இன்ஜின் அலைன்மென்ட் தப்பு. இடைவெளி ஷாஃப்ட்டோடு கூடவே நகர்ந்தால் ஷாஃப்ட்டோ கப்ளிங்கோ கோணல். இந்த ஒரு சோதனையை விட்டுவிட்டு மவுன்ட் நட்டைத் திருகிக்கொண்டே இருக்கிறவர்கள்தான் அதிகம்.

அதில் ஒன்றும் சிக்கவில்லை என்றால் கரையேற்றுங்கள். ஷாஃப்ட்டைக் கையால் மேலும் கீழும் அசைத்து கட்லெஸ் பேரிங்கின் ஆட்டத்தைப் பாருங்கள். ப்ரொப்பெல்லருக்கு முன்னால் ஷாஃப்ட்டில் டயல் கேஜ் வைத்துச் சுற்றுங்கள். கடைசியாக, சுக்கானில் ஒரு குச்சியைக் கட்டி அதன் முனையை இறக்கை நுனியை ஒட்டி நிறுத்தி, ஒவ்வோர் இறக்கையும் கடக்கும்போது இடைவெளியை அளங்கள்.

ஒன்று கேட்க வேண்டும்: புது ப்ரொப்பெல்லரை மாட்டும்போது கீயும் (ஷாஃப்ட்டையும் ஹப்பையும் பூட்டும் சின்ன உலோகக் கட்டை) புதிதா, பழையதா?

நீரோட்டம்

கீ பழையதேதான். மாட்டியவர்கள் அதையே போட்டார்கள்.

கப்ளிங் இடைவெளி நாலு பக்கமும் 0.08-க்குள், திருப்பினாலும் அப்படியே. கரையேற்றிப் பார்த்ததில் கட்லெஸ்ஸில் ஆட்டம் குறைவு. டயல் கேஜில் 0.04 மி.மீ. இறக்கை நுனியில்தான் மாட்டுகிறது: இரண்டு இறக்கை கிட்டத்தட்ட ஒரே அளவு, மூன்றாவது 1.5 மி.மீ. தள்ளிப் போகிறது. இறக்கை வளைந்திருக்குமோ? புதுச் சரக்கில்?

ஷாஃப்ட்மேஸ்திரி

வளைந்திருக்கலாம். அதற்கு முன் இதைச் செய்யுங்கள். ப்ரொப்பெல்லரைக் கழற்றி, கீ இல்லாமல் டேப்பரில் (ஷாஃப்ட் முனையின் கூம்புப் பகுதி) கையால் தள்ளி ஏற்றுங்கள். நின்ற இடத்தில் ஹப்பின் முன்விளிம்பை ஒட்டி ஷாஃப்ட்டில் ஒரு கோடு கிழியுங்கள். இப்போது கீயைப் போட்டு ஏற்றுங்கள். அதே கோட்டுக்கு வர வேண்டும். வராமல் பின்னாலேயே நின்றால், ஹப் டேப்பரில் உட்காரவில்லை, கீயின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது.

டேப்பர் 1:10 என்றால், கீ 0.2 மி.மீ. உயரமாக இருந்தாலே ப்ரொப்பெல்லர் 2 மி.மீ. பின்னால் நின்றுவிடும். ஒரு பக்கம் கீ தூக்கும், எதிர்ப்பக்கம் மட்டும் டேப்பரைத் தொடும். எவ்வளவு சுத்தமாக பேலன்ஸ் செய்த ப்ரொப்பெல்லரும் மையம் விலகிச் சாய்ந்துதான் சுற்றும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் தீராது. ஆட்டத்தை விடுங்கள், இதில் ஆபத்து வேறு இருக்கிறது. திருப்பு விசையை டேப்பரின் உராய்வு தாங்க வேண்டும், கீ வெறும் காவலுக்கு. இங்கே எல்லாமே கீயில் விழுகிறது. கீவே (கீ உட்காரும் பள்ளம்) முனையில் ஷாஃப்ட் விரிசல் விட்டு ஒருநாள் ப்ரொப்பெல்லர் கடலோடு போய்விடும்.

நீரோட்டம்

மேஸ்திரி, சரியாக அதேதான். கீ இல்லாமல் கோடு வரை வருகிறது, கீ போட்டால் 3 மி.மீ. முன்பே நின்றுவிடுகிறது. கீயின் மேல்முகத்தில் பளபளவென்று ஒரு தேய்ந்த பட்டை, ஹப்பின் கீவே அடியிலும் அதே அடையாளம். புது ஹப்பின் கீவே பழையதைவிட ஆழம் குறைவு.

இனி என்ன செய்வது? கீயை அரத்தால் ராவலாமா, புதிது வெட்ட வேண்டுமா?

ஷாஃப்ட்மேஸ்திரி

பக்கவாட்டில் இறுக்கமாக இருந்தால் அதே கீ போதும். மேல்முகத்தை மட்டும் ராவுங்கள், பக்கங்களைத் தொடாதீர்கள். கோட்டுக்கு வந்த பிறகும் மேலே ஒரு மெல்லிய இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும்.

பிறகு லேப்பிங். கீ இல்லாமல் டேப்பரில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் தடவி ப்ரொப்பெல்லரை ஏற்றி, அரைச் சுற்று அப்படியும் இப்படியும் திருப்பித் திருப்பி அரையுங்கள். அவ்வப்போது தூக்கி வேறு கோணத்தில் வைத்து அரைத்தால்தான் ஒரே இடத்தில் பள்ளம் விழாது. பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஷாஃப்ட்டில் ப்ரஷ்யன் ப்ளூவை மெல்லியதாகப் பூசி ஒருமுறை ஏற்றி இறக்குங்கள். ஹப்பின் உள்ளே நீலம் முக்கால்வாசிக்கு மேல் பரவலாக ஒட்டியிருந்தால் போதும். திட்டுத் திட்டாக இருந்தால் இன்னும் அரைக்க வேண்டும். பெரிய பக்கம் நன்றாகத் தொட வேண்டும், அதை முக்கியமாகப் பாருங்கள்.

20×15 மாற்றி வாங்கப் போகிறீர்கள் என்றால் அதற்கும் இதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு ஹப்புக்கு லேப்பிங் செய்தது இன்னொன்றுக்கு ஆகாது.

நீரோட்டம்

20×18-க்கே முதலில் கீயைச் சரிசெய்து இறக்கிப் பார்த்தேன், எது எதனால் என்று தெரிய வேண்டும் என்பதற்காக. 1800-ல் அந்த 15 உச்சி ஏறக்குறையத் தரையோடு போய்விட்டது. பேனா இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆர்பிஎம் மட்டும் அதே 2600, அதே புகை. தாத்தா சொன்னபடி இரண்டும் வேறு வேறுதான்.

இப்போது 20×15 மாட்டியாயிற்று. விற்றவர் வாக்குவாதம் செய்யாமல் மாற்றிக்கொடுத்தார். முழுச் சுமையில் 3020 ஆர்பிஎம், 12.4 நாட். புகை லீவரைத் தள்ளுகிற நேரத்தில் மட்டும் லேசாக வந்து மறைகிறது. 1300 பக்கத்தில் ஒரு சின்ன ரீங்காரம் மிச்சம் இருக்கிறது, கடந்துபோனால் தெரிவதில்லை.

சுழல்காற்று

பிச் குறைத்து வேகம் கூடியிருக்கிறது! ஸ்லிப் கணக்கு போட்டேன், 33 சதவீதம் வருகிறது. சரி, ஒத்துக்கொள்கிறேன்.

டீசல்தாத்தா

அந்த 1300 ரீங்காரம் நியூட்ரலிலும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஏதோ ஒரு குழாயோ பிராக்கெட்டோ அந்த ஆர்பிஎம்மில் ஒத்து ஆடுகிறது. கை வைத்து அழுத்திப் பார்த்தாலே அகப்படும்.

நீரோட்டம்

நியூட்ரலிலும் வருகிறது. எக்ஸாஸ்ட் ஹோஸ் கிளாம்ப் ஒன்று, பிடித்தால் நின்றுவிடுகிறது. ரப்பர் வைத்துக் கட்டிவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று. ஷாஃப்ட் முனையில் இரண்டு நட், ஒன்று தடியானது, ஒன்று மெல்லியது. மாட்டியவர்கள் தடியானதை முதலிலும் மெல்லியதை வெளியிலும் போட்டிருந்தார்கள். அதுதான் முறையா?

ஷாஃப்ட்மேஸ்திரி

பல படகில் அப்படித்தான் இருக்கும், ஆனால் நேர்மாறாகப் போடுவதே முறை. மெல்லியதை முதலில் போட்டு ப்ரொப்பெல்லரை ஏற்றுங்கள். அதன்மேல் தடியானதைப் போட்டு முழு இறுக்கம் கொடுத்தால், பாரம் தடியான நட்டின் மரைக்கு மாறிவிடும். மெல்லியது பூட்டாக நிற்கும். இறுக்கும்போது உள்நட்டை ஸ்பானரால் பிடித்துக்கொள்ளுங்கள், கூடவே சுற்றிவிடக் கூடாது. பிறகு காட்டர் பின்னைப் போட்டு, ஹப் உங்கள் கோட்டில்தான் நிற்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு இறக்குங்கள்.